பட்டியலில் இல்லாத இருக்கை

சூசைராஜுக்கு என்ன உத்தியோகம் என்று யாரேனும் கேட்டால், "உக்காருற வேலைங்க" என்பார். கேட்டவர் சிரிப்பார், சூசைராஜ் சிரிக்க மாட்டார். காவிரியின் வடகரையில் புதிதாக எழும்பியிருந்த பேருந்து முனையத்தில், நாள்தோறும் காலை ஆறு மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை, உட்காரக் கூடாத இடங்களில் உட்கார்ந்து பார்ப்பதும், படுக்கக் கூடாத இடங்களில் படுத்துப் பார்ப்பதும், சாயக் கூடாதவற்றின்மேல் சாய்ந்து பார்ப்பதுமே அவருக்கு இடப்பட்ட பணி. நியமன ஆணையில் அப்பணிக்குப் 'பயன் காண்பவர்' என்று பெயர் கொடுத்திருந்தார்கள்.

அப்பணிக்கு அவரைக்காட்டிலும் தகுந்த ஆள் கிடைத்திருக்க மாட்டார். பழைய பேருந்து நிலையத்தில் முப்பத்தோராண்டுகள் சுமை தூக்கியவர். அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கியவர். எந்தத் திட்டின் விளிம்பு இடுப்பை அறுக்கும், எந்தத் தூணின் நிழல் பத்து மணிக்கு எந்தப் பக்கம் திரும்பும், மழை சாய்ந்தடிக்கையில் எந்தப் படிக்கட்டின் அடியில் நான்கு பேர் நனையாமல் ஒடுங்கலாம் என்பவை அவருடைய உடம்புக்குத் தெரியும். வாயைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஓரிடத்தைப் பார்த்த மாத்திரத்தில் இடுப்பு அதனை நோக்கித் தானே இறங்கும். இறங்கினால் அங்கே உட்காரலாம் என்று பொருள்.

புதிய முனையத்தில் நாற்காலி, பலகை, திட்டு என்று தனியே ஒன்றுமில்லை. தரை, சுவர், தூண் யாவும் நெகிழ்கல் என்னும் ஒரே பொருளால் ஆனவை. பார்வைக்குக் கருங்கல் போலிருக்கும், தொட்டாலும் அப்படித்தான். ஆயின் தன்மேல் நிற்கும் உடலின் உயரம், எடை, நடை ஆகியவற்றை அது உணரும். பயணச்சீட்டு உடைய ஒருவர் வந்து நின்று முழங்காலைச் சற்றே தளர்த்தினால், அவர் காலுக்கேற்ற உயரத்தில் தரை எழுந்து இருக்கையாகும். பேருந்து வந்ததும் மரியாதையாக ஒரு சிறு நடுக்கம் காட்டிவிட்டு மெல்ல அமிழும். பயணச்சீட்டு இல்லாதவர் எங்கேனும் ஒரு விளிம்பில் உட்கார முயன்றால், அவ்விளிம்பு இரண்டு விரற்கடை சாயும். அவ்வளவுதான், வழுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். தரை இதுகாறும் எவரையும் காயப்படுத்தியதில்லை என்பது நிர்வாகத்தாரின் பெருமை.

எது, யாருக்கு, எதற்கு என்று இந்தத் தரைக்குக் கற்பித்தவள் நிலோபர் நிஷா என்னும் பொறியாளர். வயது முப்பத்து மூன்று. தையற்காரர் ஒருவரின் மகள். சூசைராஜ் பணியில் சேர்ந்த முதல் நாளே அவரை எதிரில் உட்காரவைத்து, தேநீர் வரவழைத்துக் கொடுத்து, தன் கொள்கையை விளக்கினாள். ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது என்று கேட்கவே பொறியியற் கல்லூரியில் தங்களுக்குக் கற்பித்தார்கள் என்றும், அந்தக் கேள்வியே பிழையானது என்றும் சொன்னாள்.

"அந்தப் பொருளை வச்சு யாரால என்னென்ன பண்ண முடியும்னு கேக்கணும்ணே. எங்க அத்தாவுக்கு முழங்கால் மடங்காது. பஸ் படி எனக்குப் படி. அவருக்கு அது சுவரு. படி மாறல, ஏற வர்ற உடம்புதான் மாறுது. ஒரு பொருள் ஒரு உடம்புக்கு எதுக்கு ஏதுவா இருக்கோ, அதுக்கு ஏதுநிலைன்னு பேரு."

சூசைராஜ் சிறிது யோசித்தார். "அப்ப படின்னு ஒண்ணு கெடையாது. ஆளுக்கு ஒரு படி இருக்குங்கறீங்க."

நிலோபர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். "இதைப் புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சுண்ணே."

அவள் முதலில் எழுதிய பட்டியலில் மூன்று பத்திகளே இருந்தன: பொருள், உடல், பயன். அது முழுவதும் கொடையாகவே இருந்தது. நிறைமாதக் கர்ப்பிணிக்கும், தலைச்சுமையோடு வருபவருக்கும், மூச்சு வாங்கும் முதியவருக்கும் தரை எங்ஙனம் எழ வேண்டும், சுவர் எங்ஙனம் கைப்பிடியாக வேண்டும் என்று அறுநூறு வகை உடல்களுக்கு எழுதியிருந்தாள். முனைய மேலாளர் கோதண்டபாணி அதனைப் படித்து மகிழ்ந்தார். மகிழ்ந்துவிட்டு, நான்காவதாக ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார். அதன் தலைப்பு 'கூடாது'. யாருக்கு எது முடியும் என்று அறிந்த தரைக்கு முடியாமற்செய்யவும் தெரியுமன்றோ என்பது அவருடைய வாதம். அதற்கு மறுப்புரைக்க நிலோபரின் கொள்கையில் இடமில்லை. நல்ல ஏதுநிலைகளை ஆக்குவதும் தீய ஏதுநிலைகளை நீக்குவதுமே வடிவமைப்பு என்று அவளே தன் ஆய்வேட்டில் எழுதியிருந்தாள். தீயவை எவை என்று தீர்மானிப்பவர் யார் என்பதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தாள்.

அந்த நான்காம் பத்தியை நிரப்பத்தான் சூசைராஜ் வேண்டியிருந்தார். பொறியாளர்களின் கற்பனை அதற்குப் போதவில்லை. கால அட்டவணையின் சட்டத்தில் துண்டு காயப்போடலாம் என்று அவர் கண்டார். இரு தூண்களுக்கிடையே சேலையால் தூளி கட்டலாம். தூணின் பளபளப்பில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். கழிவறை வாசலின் சொரசொரப்பில் பித்தவெடிப்பைத் தேய்த்துக்கொள்ளலாம். வெப்பக் காற்று வெளியேறும் துளையில் ஈரச் சட்டையை உலர்த்தலாம். பத்து மாதங்களில் ஆயிரத்து நானூற்றுப் பதினாறு பயன்களைக் கண்டு சொன்னார். ஒவ்வொன்றும் மறுநாட் காலைக்குள் இல்லாமற்போயிற்று.

பயன்களோடு ஆட்களும் போனார்கள். சீட்டு வழங்குமிடத்தருகே புடைத்திருந்த சுவர்ப்பகுதி கைக்குழந்தையைக் கிடத்துவதற்கு ஏதுவானது என்று ஒரு திங்கட்கிழமை அவர் எழுதிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை, கட்டட வேலைக்கு வந்திருந்த வடநாட்டுப் பெண் ஒருத்தி வழக்கம்போல் அங்கே குழந்தையைக் கிடத்தினாள். குழந்தை மெல்ல உருண்டு அவள் கையிலேயே வந்து சேர்ந்தது. மறுபடி கிடத்தினாள்; மறுபடி வந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள், யாரோ தன்னைத் திட்டிவிட்டதைப் போல. யாரும் திட்டவில்லை. புதன்கிழமை முதல் அவள் வரவில்லை. சூசைராஜ் இதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லாவிட்டால் இன்னொருவன் சொல்லியிருப்பான் என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னார். மனம் அதை ஏற்றுக்கொண்டது. வேலையும் அவருக்குப் பிடித்திருந்தது. வாழ்நாளில் முதன்முறையாகத் தமக்குத் தெரிந்த ஒன்றை நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்கிறார்கள்.

ஆயிரத்து நானூற்றுப் பதினேழாவதாக ஒன்று இருந்தது. அதை அவர் சொல்லவில்லை. அது அவருடைய அக்காளுக்கு உரியது.

சவரியம்மாளுக்கு வயது அறுபத்து நான்கு, உயரம் நாலரையடி. தாயில்லாத தம்பியைப் பழைய பேருந்து நிலையத்தில் கொய்யாக் கூடையின் பக்கத்திலேயே வைத்து ஆளாக்கியவள். முனையம் இடம் மாறியதும் கூடையோடு அவளும் மாறினாள். அங்கே நடந்து விற்கத் தடையில்லை, நிற்கவும் தடையில்லை, உட்கார மட்டும் இயலாது. அவளுக்கோ இடக்காலில் நரம்புகள் புடைத்துச் சுருண்டிருந்தன. மணிக்கொரு முறை பத்து நிமிடம் காலை உயர்த்தி வைத்து உட்காராவிட்டால் புண் வரும், வந்தால் சர்க்கரை உடம்புக்கு ஆறாது என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

வீட்டிலிருந்து ஒரு முக்காலி கொண்டுவந்து பார்த்தாள். தரை அதைக் கேட்பாரற்ற பெட்டி என்று கருதி, எறும்புகள் பருக்கையை நகர்த்துவதுபோல் நகர்த்திக்கொண்டுபோய், தவறவிட்ட பொருள்களுக்கான அறையில் சேர்த்துவிட்டது. அதனை மீட்க அவள் அடையாள அட்டை காட்ட வேண்டியதாயிற்று.

"முக்காலிக்கு இருக்குற மருவாதி எனக்கு இல்லடா தம்பி" என்றாள். "அதையாச்சும் ரூம்புக்குள்ள கூட்டிட்டுப்போயி வச்சிருக்கான்."

அவளுக்காகச் சூசைராஜ் இரண்டு வாரம் தேடினார். நாற்பத்திரண்டாம் தூணின் அடிப்பாகமும் மழைநீர் வாய்க்காலின் மூடியும் சந்திக்குமிடத்தில் ஒன்றரைச் சாண் இடைவெளி இருந்தது. அது தரையைச் சேர்ந்தது என்று தூண் விட்டிருந்தது. தூணைச் சேர்ந்தது என்று தரை விட்டிருந்தது. தனித்தனியே ஒன்றும் தராத அவ்விரண்டும் சேருமிடத்தில் ஓர் இருக்கையைத் தந்தன. மற்றவர் எவர் அங்கே அமர்ந்தாலும் முழங்கால் மூடியில் இடிக்கும். நாலரையடி உடம்புக்கு மட்டும் முதுகு தூணிலும் கால் மூடியின்மேலும் பொருந்தும். அளவெடுத்துச் செய்தாற்போலிருந்தது, செய்தவர் எவருமில்லை. சவரியம்மாள் மணிக்கொரு முறை அங்கே போய்க் காலை உயர்த்தி வைத்துக்கொண்டு, கூடையிலிருந்து அடிபட்ட பழமாகப் பார்த்து ஒன்றைத் தின்றுவிட்டு எழுந்து வருவாள். கால் வீக்கம் வடிந்தது. ஏழு மாதங்கள் இவ்வாறு கழிந்தன.

மாசி மாதத்தில் திட்டம் முடிவை நெருங்கியது. பட்டியலுக்குப் புறம்பான பயன் எதுவும் இம்முனையத்தில் எஞ்சவில்லை என்று பயன் காண்பவர் கையொப்பமிட்டுச் சான்றளித்தால் பணி நிறைவுறும். அதற்கு முன்பாக நிலோபர் சூசைராஜைத் தன் அறைக்கு அழைத்தாள். திரையில் முனையத்தின் வரைபடம் இருந்தது. பத்து மாதங்களில் அவர் உட்கார்ந்த, படுத்த, சாய்ந்த இடங்கள் யாவும் அவருடைய பணியட்டை வழியே கருநீலப் புள்ளிகளாகப் பதிந்திருந்தன. மை கொட்டிய துணிபோல் வரைபடம் முழுவதும் இருண்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு.

"முனையம் முழுக்க உங்க தடம் இருக்குண்ணே. இங்க மட்டும் ஏன் இல்ல?"

"அங்க ஒண்ணும் இல்லைங்க மேடம். அதான் போகல."

"ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கவாச்சும் ஒரு தடவை போயிருப்பீங்களே."

சூசைராஜ் திரையைப் பார்த்தார். மறைப்பதற்காக விலகி விலகி நடந்த கால்களே மறைத்ததைச் சுற்றிக் கோடு கிழித்துவிட்டிருந்தன. அந்த வெள்ளைத் திட்டின் வடிவத்தைப் பார்க்கப் பார்க்க, முதுகைச் சாய்த்துக் காலை உயர்த்தி அமர்ந்திருக்கும் ஒரு குட்டையான பெண்ணின் உருவம்போலவே அவருக்குத் தோன்றிற்று. அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கடைசியில், "அதை மட்டும் விட்டுருங்க மேடம்" என்றார்.

நிலோபர் கடுமை காட்டினாளில்லை. அவளுடைய கண்கள் நிறைந்துவிட்டன. அப்பொழுதே கீழே இறங்கிப்போய்ச் சவரியம்மாளைப் பார்த்தாள். ஒரு பழம் வாங்கித் தின்றாள். அவளுடைய காலைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து, இந்த இடத்தை அடைக்கப்போவதில்லை என்றும், பட்டியலில் எழுதப்போவதாகவும் சொன்னாள். நான்காம் பத்தியில் அல்ல. முதல் மூன்று பத்திகளில், கொடையாக. இந்தப் பொருள், இந்த உடல், இந்தப் பயன் என்று.

"ஒளிச்சு வச்சிருந்தா என்னைக்காச்சும் ஒருநாள் அடைச்சுருவாங்க. எழுதி வச்சுட்டா அது உரிமைண்ணே. யாரும் கை வைக்க முடியாது."

அந்தச் சொல் சூசைராஜுக்குப் பிடித்திருந்தது. சவரியம்மாளுக்குப் பிடிக்கவில்லை. எழுதாமல் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வம்பு என்றாள். தன் பேரை எவன் எழுதிக்கொண்டு போனாலும் பிற்பாடு காலி செய்யச் சொல்லத்தான் வந்திருக்கிறான் என்றும், ஆற்றோரக் குடிசையிலும் அப்படித்தான், பழைய பேருந்து நிலையத்திலும் அப்படித்தான் என்றும் நினைவூட்டினாள். சூசைராஜ் இரண்டு நாள் மன்றாடினார். அந்தப் பொறியாளர் அம்மாள் அப்படிப்பட்டவர் அல்லர், படித்தவர், மனம் உள்ளவர் என்று எடுத்துச் சொன்னார். அவர் சொன்னவை அனைத்தும் மெய்யே. இறுதியில் தம்பியின் முகத்துக்காக அவள் ஒப்புக்கொண்டாள்.

அளவெடுக்கும் வளையத்துக்குள் அவளை நிற்கவைத்து உயரம், எடை, நடை, இரு பாதங்களின் அழுத்தம் யாவற்றையும் பதிந்தார்கள். "கல்யாணத்துக்குக்கூட என்னைய யாரும் இத்தனை அளவெடுக்கலடி யம்மா" என்று சவரியம்மாள் நிலோபரைச் சீண்டினாள். நிலோபர் சிரித்துக்கொண்டே, உரிமைக்கு வலுச்சேர்க்கும் என்றெண்ணிப் பதிவில் ஒரு வரி கூடுதலாக எழுதினாள்: இவர் இவ்விடத்தை இருநூற்றுப் பன்னிரண்டு நாள்களாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவர்.

பதினாறு நாள் நன்றாகவே இருந்தது. தூணின் அடிப்பாகம் அவளுக்கென்று இன்னும் சற்றுக் குழைந்து கொடுத்தது. பதினேழாம் நாட் காலை, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு முனையத்துள் நுழைந்த சவரியம்மாளுக்கு நடை தட்டிற்று. தரை அவளுக்கெதிரே மெல்ல மேடாகியது. ஏறிப் பார்த்தாள். ஏறும் மட்டும் மேடு கூடிற்று. நின்றால், காலடி வாசலை நோக்கிச் சாய்ந்தது. பக்கத்தில் செல்பவர்களுக்கெல்லாம் தரை சமமாகவே இருந்தது. யாரும் அவளைத் தள்ளவில்லை, யாரும் அதட்டவில்லை. கீழே சிந்திய நீர் வாட்டம் பார்த்துப் போவதுபோல், சவரியம்மாள் வாசலுக்கு வெளியே வந்து நின்றாள். கூடையிலிருந்து ஒரு பழம்கூடச் சிதறவில்லை.

சூசைராஜ் ஓடினார். நிலோபர் அவரையும் அழைத்துக்கொண்டு கோதண்டபாணியிடம் ஓடினாள். மேலாளர் நிதானமாகவே விளக்கினார். தரை எவரையும் நினைவில் வைத்திருக்கலாகாது, ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் முந்தின நாள் கண்ட உடல்களை மறந்துவிட வேண்டும் என்பது சட்டம். ஆகையால் பதிவு பெறும்வரை இந்தப் பெண்மணி தரைக்கு நாள்தோறும் புதியவர். பதிவு பெற்றவரை மட்டுமே தரை நினைவில் வைத்திருக்கும். பதிவு பெற்ற ஒருவர் பயணச்சீட்டின்றி முப்பது நாளுக்கு மேல் முனையத்தைப் பயன்படுத்தினால் அவர் பயணியல்லர், அவரை வெளியேற்றலாம் என்பது பொதுவிதி. விதி மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைப் படிக்கும், நேற்றுப் படித்திருக்கிறது. இவர் இருநூற்றுப் பன்னிரண்டு நாள் பயன்படுத்தியதாகப் பதிவே சொல்கிறது.

"நான் ஒண்ணுமே பண்ணலை மேடம். நீங்க எழுதினதை அது படிச்சிருக்கு."

அப்படியானால் அந்தப் பதிவை அழித்துவிடுகிறேன் என்றாள் நிலோபர். பதிந்த உடலை அழிக்க வழி வைக்கவில்லை என்பதை அவர் நினைவூட்டினார். ஊனமுற்றோரின் பதிவை எவரும் பின்னாளில் அழித்துவிடலாகாதே என்று அஞ்சி, அந்த வழியே கூடாதென்று வற்புறுத்தியவள் அவள்தான். அன்று மாலைக்குள் நாற்பத்திரண்டாம் தூணின் அடியில் இருந்த இடைவெளியை நெகிழ்கல் இட்டு நிரப்பினார்கள்.

சவரியம்மாள் வேறெங்கும் போகவில்லை. நாற்பதாண்டுப் பழக்கம், பேருந்து ஏறுபவருக்குத்தான் அவளுக்கு விற்கத் தெரியும். முனையத்துக்கு எதிரே சாலையின் நடுவிலிருந்த திட்டில், காலை ஐந்து மணி முதல் உச்சி வரை நின்று விற்றாள். அந்தத் திட்டின் உச்சியிலும் உட்கார முடியாதபடி கூர்மையாகச் சீமெந்து பூசியிருந்தார்கள்; அதற்கு அறிவியல் எதுவும் தேவைப்படவில்லை. சித்திரையில் கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தது, பிறகு வெடித்தது. வீட்டோடு இருக்கும்படி சூசைராஜ் கெஞ்சினார். "அளவெடுத்துக்கச் சொன்னப்பவும் இப்படித்தாண்டா கெஞ்சுன" என்றாள். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதன்பின் அவர் கெஞ்சவில்லை.

வைகாசியில் இடக்காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

சூசைராஜ் விடுப்பெடுத்துக்கொண்டு மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கிடந்தார். சான்றிதழுக்கு வேறொருவர் கையொப்பமிட விதி இடந்தராமையால் முனையத்தின் பணி நிறைவு மேலும் மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. கோதண்டபாணி இருமுறை ஆளனுப்பினார். நிலோபர் ஒருமுறை தானே வந்தாள். கட்டிலருகில் நெடுநேரம் நின்றாள். சவரியம்மாள் அவளை உட்காரச் சொன்னாள். உட்கார அங்கே இடமிருந்தும் அவள் உட்காரவில்லை.

ஆவணி பிறந்ததும் சவரியம்மாள் கூடையைத் தூசி தட்டினாள். அக்குளில் ஊன்றுகோல் வந்திருந்தது. வீட்டில் கிடந்து சுவரைப் பார்க்க முடியவில்லை என்றும், தம்பி கூடையைத் தூக்கி வந்தால் திட்டில் சாய்ந்து நின்றுகொள்வதாகவும் சொன்னாள். சூசைராஜ் கூடையைச் சுமந்துகொண்டு முன்னே நடந்தார். முனையத்து வாசலில் அவரை நிறுத்தி, உள்ளே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். "என்ன பண்ணிரும்? தள்ளும். தள்ளட்டுமே" என்று ஊன்றுகோலை உள்ளே வைத்தாள்.

தரை ஒரு கணம் அசைவற்றிருந்தது. சூசைராஜ் கூடையை வைத்துவிட்டு அவளைத் தாங்கிப் பிடிக்கத் தயாரானார். ஆனால் தரை மேடாகவில்லை. அவளுக்கு இரண்டடி முன்னால் கல் எழுந்தது. முதலில் இருக்கை எழுந்தது. பின்னர் முதுகுக்குச் சாய்வு. பின்னர் இருபுறமும் கைப்பிடி. கடைசியாக இடப்பக்கத்தில், எஞ்சிய தொடையைத் தாங்குவதற்கு மெத்தென்று ஒரு சிறு மேடை. ஊன்றுகோலைச் சார்த்தி வைக்கப் பக்கத்தில் ஒரு பள்ளமும் தோன்றிற்று. அந்த முனையத்தில் சூசைராஜ் கண்ட இருக்கைகளுள் அதுவே மிக அழகியது.

சான்றிதழில் கையொப்பம் வாங்க அன்று அவருக்காகக் காத்திருந்த நிலோபர், அவர்களைக் கண்டு விரைந்து வந்தாள். வந்தவள் இருக்கையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பதிவிலிருந்த உடம்புக்கு இரண்டு பாதங்கள் என்றும், இந்த உடம்பு அதுவன்று, தரைக்கு இது முற்றிலும் புதியது என்றும் தாழ்ந்த குரலில் விளக்கினாள். ஒற்றைக்கால் உடம்பிடம் பயணச்சீட்டும் கேட்கலாகாது, நேரமும் கணக்கிடலாகாது என்பது சட்டம்.

"அப்ப எவ்வளவு நேரம் உக்காரலாம்?" என்றாள் சவரியம்மாள்.

"உங்களுக்கு வேணும்கற வரைக்கும்."

சவரியம்மாள் ஊன்றுகோலின் நுனியால் இருக்கையை இருமுறை தட்டிப் பார்த்தாள். "முழுசா வந்தேன், வெளிய தள்ளுச்சு. கொறைஞ்சு வந்தா வாங்க வாங்கன்னு எந்திரிச்சு நிக்குது." பிறகு உட்கார்ந்தாள். சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திறந்தபொழுது, "அந்த உப்பு மொளகாப் பொட்டலத்தை எடுடா, வண்டி வர்ற நேரமாச்சு" என்று கூடையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

கோதண்டபாணி அவ்வழியே வந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இருக்கையின் அழகைக் கண்டு நெஞ்சார மகிழ்ந்து, விளம்பரப் புத்தகத்தின் அட்டைக்காக ஒரு படம் எடுக்கச் சொன்னார். சவரியம்மாள் படத்துக்காக முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

பிற்பகலில் நிலோபரின் அறையில் சூசைராஜ் அமர்ந்தார். மேசைமேல் சான்றிதழ் இருந்தது. கண்ணாடிச் சுவரின் வழியே கீழ்த்தளம் முழுவதும் தெரிந்தது. அதன் நடுவில் சவரியம்மாள், அவளைச் சுற்றிப் பழம் வாங்குபவர் நால்வர். பட்டியலுக்குப் புறம்பான பயன் எஞ்சியுள்ளதா என்று பயன் காண்பவரை மும்முறை கேட்டு, மும்முறையும் அவர் தரும் விடையைக் குறிக்க வேண்டும் என்பது விதி. நிலோபர் எழுதுகோலைத் திறந்தாள்.

"பட்டியல்ல இல்லாத பயன் ஏதாச்சும் பாக்கி இருக்காண்ணே?"

இருந்தது. ஒரு காலை இழந்தால் இத்தரையில் உட்காரலாம். இத்தனை மாதங்களில் அவர் கண்டவற்றுள் அதனினும் பெரிய பயன் வேறில்லை. அதனை அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்று, மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கிடந்த நாள் முதல் நாவில் சேர்ந்திருந்த கசப்பெல்லாம் திரண்டு பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சொன்னால் அவள் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதியதை விதி படிக்கும். முன்பு வெளியேற்றப்பட்ட ஓர் உடம்பு குறைந்து திரும்பி வந்திருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். எஞ்சியிருக்கும் வலக்காலை அது ஒத்துப் பார்க்கும். நாளைக் காலைக்குள் அந்த இருக்கையும் அமிழ்ந்துவிடும்.

கீழே சவரியம்மாள் யாரிடமோ பேரம் பேசிச் சிரித்தாள்.

"இல்லைங்க மேடம்" என்றார் சூசைராஜ்.

நிலோபர் அதனைக் குறித்தாள். இரண்டாம் முறை அவள் கேட்கவில்லை. அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. மற்ற இரு கட்டங்களிலும் 'இல்லை' என்று தானே எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.